மருமகளை அழவைக்கும் கிழங்கு: ஆண்டீஸ் மலையில் உணவும் விளையாட்டும்

பெரு நாட்டின் குஸ்கோ வட்டாரத்தில் ஓர் உருளைக்கிழங்கு விளைகிறது. உருளை என்ற பெயரே அதற்குப் பொருந்தாது. மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக, ஒவ்வொரு முண்டுக்கும் இடையில் ஆழமான குழியோடு, சின்ன அன்னாசிப்பழம் போல இருக்கும். கத்தியை எந்தப் பக்கம் வைத்தாலும் தோலோடு பாதிச் சதையும் போய்விடும். கெச்சுவா மொழியில் இதன் பெயர் 'லியும்சுய் வக்கச்சி'. லியும்சுய் என்றால் மருமகள், வக்கச்சி என்றால் அழவைப்பது. கல்யாணம் பேசியிருக்கும் பெண்ணின் கையில் வருங்கால மாமியார் இந்தக் கிழங்கைக் கொடுத்து, சதை வீணாகாமல் தோலுரிக்கச் சொல்வாராம். அந்த ஊர்ப் பெண்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது.

இந்தப் பெயரில் எனக்கு இன்னொரு ருசியும் உண்டு. 'வக்க' என்றால் அழு. அதோடு 'ச்சி' என்ற விகுதி சேர்ந்தால் அழவை. தமிழைப் போலவே கெச்சுவாவும் வேர்ச்சொல்லின் பின்னால் விகுதிகளைக் கோத்துக்கொண்டே போகும் மொழி. இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது, சொல் கட்டும் முறை மட்டும் ஒத்துப்போகிறது. அதனால்தான் 'மருமகளை அழவைப்பது' என்று மொழிபெயர்க்கும்போது எதையும் வளைக்க வேண்டியிருப்பதில்லை.

வேறு பெயர்களும் இப்படித்தான். 'பூமா மக்கி' என்றொரு கிழங்கு, பூமா என்ற காட்டுப்பூனை இன விலங்கின் பாதம் போல விரல்விட்டு இருக்கும். இன்னொன்று 'லியாமா சென்க்கா', ஒட்டக இனத்து மலை விலங்கான லாமாவின் மூக்கு. பெருவின் தலைநகர் லிமாவில் 1971இல் தொடங்கப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு மையம், ஆண்டீஸ் மலையின் நாட்டு ரகங்கள் 4,000க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறது. அத்தனை ரகத்தையும் ஒன்றோடொன்று குழப்பாமல் நினைவில் வைத்திருந்தவர்கள் எழுத்து இல்லாத உழவர்கள். கேட்டதும் சிரிப்பு வரும் பெயர் மறக்காது. அந்தப் பெயர் கிழங்கின் வடிவத்தைச் சொல்கிறது, அதை எப்படிக் கையாள வேண்டும் என்று எச்சரிக்கிறது, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு கிண்டலையும் போட்டு வைக்கிறது.

உணவு வடிவமைப்பு என்று இப்போது ஒரு துறை வளர்ந்திருக்கிறது. ஒரு பண்டம் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும், எந்தப் பாத்திரத்தில் வர வேண்டும், எதற்குப் பின் எதை உண்ண வேண்டும், யாரோடு உண்ண வேண்டும் என்பதையெல்லாம் யோசிக்கிற வேலை. இந்தத் துறையினர் ஆண்டீஸ் மரபை ஆசையோடு எடுத்துக்கொள்கிறார்கள். லாமா உருவத்தில் பிஸ்கட், ஸ்பானியர் வருமுன் ஆண்டீஸை ஆண்ட இன்காக்களோடு சேர்த்துச் சொல்லப்படும் படிக்கட்டுச் சிலுவையான சக்கானாவின் வடிவத்தில் சாக்லேட், நெசவுக் கோலம் அச்சிட்ட தட்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் விளையாட்டு அங்கே கண்ணோடு நின்றுவிடுகிறது. மலையில் நடக்கும் விளையாட்டுக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். தருகிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். வாங்குகிறவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதில்லை, மண்ணாக இருக்கலாம், செத்துப்போனவராகவும் இருக்கலாம். உணவின் வடிவம் இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்துதான் பிறக்கிறது. அந்த வடிவத்தை மட்டும் கத்தரித்து எடுத்து வந்தால் பொம்மை மிஞ்சும், ஆட்டம் அங்கேயே நின்றுபோகும்.

இதற்கு மலையின் அமைப்பே ஒரு காரணம். ஆண்டீஸில் ஒரு நாள், இரண்டு நாள் நடையில் வெப்பமான பள்ளத்தாக்கிலிருந்து உறைபனி விழும் மேட்டுக்குப் போய்விடலாம். கீழே கோக்கா இலையும் மிளகாயும், நடுவில் மக்காச்சோளம், அதற்கு மேலே உருளைக்கிழங்கு, 4,000 மீட்டரை நெருங்கினால் கசப்புக் கிழங்கும் லாமா மேயும் புல்லும். ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குச் சாப்பாடு முழுமையாகாது. அதனால் ஒவ்வொரு சமூகமும் பல உயரங்களில் ஆட்களையும் நிலத்தையும் வைத்திருந்தது. மானுடவியலாளர் ஜான் முர்ரா 1972இல் இதைச் செங்குத்தாக அடுக்கிய தீவுக்கூட்டம் என்று வருணித்தார். உணவு மலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று நான் உன் வயலில் உழைத்தால் நாளை நீ என் வயலில் உழைப்பாய் என்ற வழக்கத்துக்கு அங்கே 'அய்னி' என்று பெயர்.

அந்தக் கை மாற்றத்தைப் பாத்திரங்களில் பார்க்கலாம்.

இன்கா காலத்துப் பாத்திர வகை ஒன்று உண்டு, 'பக்சா'. அதில் ஒரு வடிவத்தைச் சொல்கிறேன். அடியிலிருந்து பார்த்தால் அது சுடுமண்ணில் செய்த ஏர், காலால் மிதித்து மண்ணைப் புரட்டும் சக்கித்தக்லியா. அந்த ஏரின் மேலே ஒரு மக்காச்சோளக் கதிர் பதித்திருக்கும். அதற்கும் மேலே ஒரு சின்னக் குடம், சோளக் கள்ளான சிச்சாவைச் சேர்த்துவைக்கும் பெரிய குடத்தின் குட்டி உருவம். அந்தக் குட்டிக் குடத்தில் சிச்சாவை ஊற்றினால் உள்ளுக்குள் இறங்கி, ஏர் முனையின் ஓட்டை வழியாக மண்ணில் ஒழுகும். ஏர் உழுதது, கதிர் விளைந்தது, கதிரிலிருந்து கள் வந்தது, கள் மறுபடி உழுத மண்ணுக்கே போகிறது. ஒரு வருடத்து வேளாண்மையைக் கைக்கு அடங்கும் ஒரு பாத்திரத்தில் வைத்து, அதைத் திருப்பியும் ஓட்டிக்காட்டுகிறார்கள். குடிக்கிறவர் பூமித்தாய், அவர்கள் மொழியில் பச்சமாமா. இதைவிடத் தெளிவான உணவு வடிவமைப்பை நான் அறிந்ததில்லை.

விசில் அடிக்கும் ஜாடிகளும் உண்டு. பெருவின் வடக்குக் கடற்கரையில் இன்காக்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே அவற்றைச் செய்தார்கள். இரண்டு அறைகள், அடியில் ஒரு குழாய் அவற்றைச் சேர்க்கும். ஓர் அறையில் நீரை ஊற்றினாலோ ஜாடியைச் சாய்த்தாலோ நீர் மற்ற அறைக்குப் பாயும், அங்கிருந்த காற்று வெளியே தள்ளப்படும். அந்த வழியில் ஒரு பறவையின் அல்லது குரங்கின் தலைக்குள் சின்ன ஊதல் ஒளிந்திருக்கும். ஊற்றினால் பறவை கூவும். அதே கடற்கரையின் மோச்சே குயவர்கள் உருளைக்கிழங்கின் கண்களை மனிதக் கண்ணும் வாயுமாக மாற்றி ஜாடி செய்தார்கள். லிமாவின் லார்கோ அருங்காட்சியகத்தில் மோச்சே பானைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கிழங்கு முளைவிடும் குழிக்கு நாமும் கண் என்றுதான் சொல்கிறோம், அவர்கள் அந்தக் கண்ணைத் திறந்தே விட்டார்கள்.

'கெரோ' என்ற குவளையை எப்போதும் ஜோடியாகவே செய்தார்கள். ஒரே அளவு, ஒரே சித்திரம். சிச்சாவைத் தனியாகக் குடிக்கும் பழக்கம் இல்லை. அழைத்தவர் இரண்டு குவளையிலும் ஊற்றி, ஒன்றைத் தான் எடுத்து மற்றதை எதிரில் இருப்பவரிடம் நீட்டுவார். மறுத்தால் அது உறவையே மறுப்பது. 1532இல் ககமார்க்கா என்ற ஊரில் இன்கா அரசர் அத்தவல்பாவுக்கும் ஸ்பானியருக்கும் நடந்த சந்திப்பை அவருடைய உறவினர் தித்து குசி 1570இல் சொல்லி எழுதவைத்தார். அத்தவல்பா பொற்குவளையில் சிச்சா கொடுத்தார், ஸ்பானியர் அதைக் குடிக்காமல் தரையில் கொட்டினார், அதனால்தான் அவர்கள் நீட்டிய ஏட்டை அரசரும் வீசியெறிந்தார் என்று அந்தப் பதிவு சொல்கிறது. ஸ்பானியர் எழுதிய வரலாறுகளில் அரசர் புனித நூலைத் தூக்கியெறிந்ததுதான் பெரிதாக வரும், அதற்கு முன் கொட்டப்பட்ட கள்ளைக் காணோம். குவளையின் இலக்கணம் தெரிந்தவருக்குத்தான் அந்த அவமானத்தின் எடை தெரியும்.

இனி கால்களுக்கு வருவோம். சுன்யோ என்ற காய்ந்த கிழங்கைக் கையால் செய்வதில்லை, காலால் செய்கிறார்கள். ஜூன், ஜூலை மாதங்கள் தெற்கு அரைக்கோளத்தின் குளிர்காலம். டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய உயர்ந்த சமவெளியில் இரவு உறையும், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சின்னக் கிழங்கையும் கசப்புக் கிழங்கையும் புல்தரையில் பரப்பிவிடுகிறார்கள். இரவுப் பனியில் கிழங்குக்குள் இருக்கும் நீர் உறைந்து அதன் செல்களைக் கிழிக்கும். பகல் வெயிலில் உருகும். சில இரவுகள் இப்படிப் போனபின், குடும்பமாக வந்து வெறுங்காலோடு குவியல்மேல் ஏறி, குதிகாலைத் திருகித் திருகி மிதிப்பார்கள். நீர் பீறிட்டு வெளியேறும், தோல் கழன்றுவிடும். அப்படியே காயவைத்தால் கறுப்பு சுன்யோ. ஓடும் நீரில் சில வாரம் ஊறவைத்துக் காயவைத்தால் வெள்ளையாக வரும், அதற்கு துந்தா என்று பெயர். காய்ந்தபின் எடை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும், வருடக்கணக்கில் கெடாது. பொதோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு சுன்யோவைக் கொண்டுபோய் விற்றே ஸ்பானியர் பலர் பணக்காரராகி ஊர் திரும்பினார்கள் என்று ஸ்பானிய வரலாற்றாளர் சியேசா தெ லியோன் 1553இல் வெளியான தன் நூலில் எழுதினார். மிதித்த கால்களுக்கு அந்தப் பணம் போகவில்லை.

அதே ஏரிக்கரையில் வேகவைத்த கிழங்கைக் களிமண் குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அந்த மண்ணுக்குச் 'சாக்கோ' என்று பெயர், சந்தையில் விற்கும். தண்ணீரில் கரைத்து உப்புப் போட்டு, சட்னிபோல ஒரு கிண்ணத்தில் வைப்பார்கள். கிழங்கின் கசப்புக்குக் காரணம் அதில் இருக்கும் கிளைகோஆல்கலாய்டு என்ற நச்சு. களிமண் அந்த நச்சைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், வயிறு தப்பிக்கும். 1980களில் திமதி ஜான்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதனைச்சாலையில் காட்டினார். காட்டுக் கிழங்கை மனிதர் பழக்கியெடுத்த ஆதி நாட்களில் இந்த மண் பெரிய உதவியாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் அந்தோனி லூயிஸ் அதுரிஸ் நடத்தும் முகாரிட்ஸ் உணவகத்தில் 'உண்ணக்கூடிய கற்கள்' என்று ஒரு பதார்த்தம் பிரபலமானது. சின்ன உருளைக்கிழங்குகளுக்குச் சாம்பல் நிறக் களிமண் பூசி, அசல் கூழாங்கல் மாதிரியே காயவைத்து, நிஜக் கற்களின் நடுவில் வைத்துக் கொடுப்பார்கள். பல் உடையப் போகிறது என்று பயந்து கடித்தால் உள்ளே வெண்ணெய் போன்ற கிழங்கு. நல்ல விளையாட்டுத்தான், அந்த ஒரு நொடித் திடுக்கிடலை யாரும் மறக்கமாட்டார்கள். ஆனால் ஏரிக்கரைக் கிண்ணத்தை நினைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தட்டில் மண் கண்ணை ஏமாற்றுகிறது, ஏரிக்கரையில் நஞ்சை ஏமாற்றுகிறது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் தயங்காமல் ஏரிக்கரைக்குப் போவேன்.

மலைக்குள்ளேயே இருந்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். லிமாவில் விர்ஹிலியோ மார்த்தினேஸும் பியா லியோனும் நடத்தும் 'சென்ட்ரல்', 2023இல் உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவர்களுடைய உணவு வரிசை, காய்கறி இறைச்சி என்ற பிரிவில் போவதில்லை, உயரத்தின்படி போகிறது. ஒரு தட்டு கடல் மட்டத்துக்குக் கீழே, அடுத்தது காட்டில், அதற்கடுத்தது 4,000 மீட்டருக்கு மேலே. உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடுகிறவர் மலையேறுகிறார். உயரமான ஏரிகளில் மிதக்கும் 'குஷுரோ' தட்டில் வரும். பச்சை நிறத்தில், மீன் முட்டை போல உருண்டை உருண்டையாக இருக்கும், வாயில் வெடிக்கும். யாரோ ஆய்வகத்தில் உருட்டியது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். அது தானாகவே அப்படி வளரும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம், மலைமக்கள் நெடுங்காலமாகச் சூப்பில் போட்டுச் சாப்பிடுவது. இந்த வரிசையை நான் மதிக்கிறேன். லாமாவின் உருவத்தை எடுக்காமல், மலை எப்படிச் சாப்பிடுகிறது என்ற முறையை எடுத்திருக்கிறார்கள்.

2018இல் அதே குழு குஸ்கோவுக்கு அருகில், மொராய் என்ற இடத்தின் விளிம்பில், 3,500 மீட்டருக்கு மேலே 'மில்' என்ற உணவகத்தைத் திறந்தது. மொராய் என்பது வட்ட வட்டமாகக் குழிக்குள் இறங்கும் இன்காக்காலப் படிக்கட்டு வயல். ஒவ்வொரு படியிலும் வெப்பம் மாறுவதால் அது பயிர்ச் சோதனைக் களமாக இருந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பக்கத்து மலைச் சமூகங்களோடு சேர்ந்து பயிரிட்டு விளைச்சலைப் பகிர்ந்துகொள்வது அங்குள்ள ஏற்பாடு. பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2013இல் 'குஸ்து' திறந்தது. டென்மார்க்கின் கிளவுஸ் மேயர் தொடங்கியது, பொலிவிய மண்ணில் விளைந்ததை மட்டுமே சமைப்பது என்பது அதன் விதி. அங்கே தலைமைச் சமையலராக இருந்த மார்சியா தாகா பொலிவியாவின் சமையல் முகமாகவே ஆகிவிட்டார்.

இவற்றில் சாப்பிடும் விலை அந்தக் கிழங்கை விளைவிப்பவருக்கு எட்டாது. அதை மறைத்துவிட்டு இந்த உணவகங்களைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆண்டீஸ் தானியமான கினோவாவுக்கு நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 2013ஐ ஐக்கிய நாடுகள் சபை கினோவா ஆண்டாக அறிவித்தது, விலை விண்ணுக்குப் போனது, பிறகு சடசடவென்று இறங்கியது. புகழ் போனபின் கடனோடு நின்றவர்கள் உழவர்கள். அதனால், மரபிலிருந்து எடுத்தது மரபுக்கு எப்படித் திரும்புகிறது என்று கேட்பது ஒரு வடிவமைப்புக் கேள்விதான். பீசாக் ஊர் அருகே கெச்சுவா சமூகங்கள் சேர்ந்து நடத்தும் உருளைக்கிழங்குப் பூங்கா இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது. 2004இல் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு அவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். மையம் முன்பு சேகரித்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான ரகங்கள் மலைக்குத் திரும்பி வந்தன. மருமகளை அழவைக்கும் கிழங்கை அங்கே போகிறவர்களிடம் கொடுத்து உரிக்கச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மில் உணவகத்தின் இனிப்புக்கு ஒருமுறை 'கக்காவோ வத்தியா' என்று பெயர் வைத்தார்கள். கக்காவோ என்றால் கோக்கோ. வத்தியா என்ற மண்கட்டி அடுப்பைத் தெரியாதவருக்கு அந்தப் பெயரின் குறும்பு புரியாது.

கிழங்கு அறுவடை முடிந்த வயல். மண் காய்ந்து கட்டிகட்டியாகப் பெயர்ந்து கிடக்கிறது. நல்ல கட்டிகளாகப் பொறுக்கி, வட்டமாக அடுக்கி, மேலே போகப் போகக் குறுக்கி, முழங்கால் உயரத்தில் ஒரு கூடு கட்டுகிறார்கள். சாந்து கிடையாது, ஒரு கட்டி மற்றதைத் தாங்குவதுதான். ஒரு பக்கம் சின்ன வாசல். கடைசிக் கட்டியை உச்சியில் வைக்கும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள், அது சரியாக உட்காராவிட்டால் மொத்தமும் விழும். வாசல் வழியே காய்ந்த தண்டையும் சுள்ளியையும் போட்டு எரிக்கிறார்கள். உள்பக்கக் கட்டிகள் முதலில் கரி படிந்து கறுத்து, பிறகு அந்தக் கரி எரிந்துபோய்ச் சிவக்கும். அதுதான் பதம். தணலை ஒதுக்கிவிட்டு, அப்போது தோண்டிய கிழங்கைத் தோலோடு உள்ளே தள்ளுகிறார்கள். அடுத்து ஒரு கோலை எடுத்து, அத்தனை கவனமாகக் கட்டிய கூட்டை மேலேயிருந்து இடித்து நொறுக்குகிறார்கள். பழுத்த மண் கிழங்கின்மேல் சரிகிறது. சுற்றியுள்ள மண்ணையும் அள்ளி மூடிவிட்டால் ஆவி வெளியே வராது. அரைமணி நேரம் கழித்துத் தோண்டல் தொடங்கும். எது கிழங்கு, எது மண்கட்டி என்று கைக்குத் தெரியாது. தொட்டு, சுட்டுக்கொண்டு, ஊதி, தட்டி, பிளந்து பார்த்தால் ஆவி பறக்கும் மஞ்சள் சதை. மிளகாயும் வாக்கத்தாய் இலையும் கல்லில் நசுக்கிய உச்சுகுத்தாத் துவையல் பக்கத்தில் இருக்கும்.

அந்த அடுப்பின் ஆயுள் ஒரு வேளைச் சாப்பாடு. கட்டியது மண்ணிலிருந்து, போனது மண்ணுக்கு. அடுத்த மழையில் அடையாளமே இருக்காது. வத்தியா கட்டும் போட்டிகள்கூட அங்கே நடப்பதுண்டு. ஆனால் போட்டியில் வெல்கிற கூட்டையும் இடித்தால்தான் சாப்பாடு.

சின்னதாக்கி விளையாடுவதும் அவர்களுக்குப் பிடிக்கும். லா பாஸ் நகரில் ஆண்டுதோறும் ஜனவரி 24 நண்பகலில் அலசித்தா சந்தை தொடங்குகிறது. அய்மாரா மொழியில் 'என்னிடம் வாங்கிக்கொள்' என்பதுபோலப் பொருள்படும் சொல். வரும் ஆண்டில் என்ன வேண்டுமோ அதன் குட்டி உருவத்தை வாங்க வேண்டும். விரல் அளவு மாவு மூட்டை, எண்ணெய்ப் புட்டி, நகத்தளவு ரொட்டி. எல்லாவற்றையும் எக்கெக்கோ என்ற குண்டு மீசைக்காரப் பொம்மையின் முதுகில் ஏற்றுவார்கள். 2017இல் யுனெஸ்கோ இந்த விழாவோடு சேர்ந்த சடங்குப் பயணங்களைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நமக்கே வாங்கிக்கொள்வதைவிட, இன்னொருவருக்கு வாங்கித் தருவதில்தான் பலன் அதிகம் என்பது அங்குள்ள நம்பிக்கை.

எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது தந்த வாவா. தந்த என்றால் ரொட்டி, வாவா என்றால் குழந்தை.

குவாமன் போமா என்ற ஆண்டீஸ் எழுத்தாளர் 1615ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் அரசருக்கு நூற்றுக்கணக்கான சித்திரங்களோடு ஒரு மாபெரும் கடிதம் எழுதி முடித்தார். நவம்பர் மாதத்தை அதில் 'இறந்தவரைச் சுமக்கும் மாதம்' என்கிறார். அந்த மாதத்தில் இறந்தவர்களை வெளியே எடுத்து வந்து, உணவும் பானமும் கொடுத்து, நல்ல துணி உடுத்தி, தலையில் இறகு செருகி, பல்லக்கில் வைத்துத் தெருத்தெருவாகச் சுமந்து, அவர்களோடு ஆடிப் பாடுவார்கள் என்று விவரிக்கிறார். ஸ்பானியத் திருச்சபை அதைத் தடுத்தது, பதப்படுத்திய உடல்களைத் தேடித்தேடி எரித்தது. கோதுமையும் ஸ்பானியரோடுதான் மலைக்கு வந்தது. சுமக்க உடல் இல்லாதபோது, எதிரி கொண்டுவந்த மாவிலிருந்தே ஒரு உடல் செய்துகொண்டார்கள் என்று பலர் இந்த ரொட்டியைப் புரிந்துகொள்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அக்டோபர் கடைசியில் மாவு பிசைகிறார்கள். ரொட்டி, துணியில் இறுக்கிச் சுற்றிய கைக்குழந்தையின் வடிவம், கைகால் வெளியே தெரியாது. சுற்றிய நாடாவுக்கு மாவை நூல்போலத் திரித்துக் குறுக்கே ஒட்டுவார்கள். பொலிவியாவில் முகத்துக்கு மட்டும் தனியாக வண்ணம் பூசிய குட்டி முகமூடி செருகுவார்கள், மாவு வெந்து உப்பும்போது முகம் ரொட்டிக்குள் பதிந்துகொள்ளும். பெருவில் சிறுமிகளுக்குக் குழந்தை ரொட்டியும் சிறுவர்களுக்குக் குதிரை ரொட்டியும் தருவது வழக்கம். ஈக்வடாரில் வண்ண மாவால் அலங்கரித்து, ஊதா மக்காச்சோள மாவும் பழங்களும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான கொலாதா மொராதாவோடு சாப்பிடுகிறார்கள்.

பொலிவிய வீடுகளில் நவம்பர் 1 நண்பகலுக்கு இறந்தவர் வருவார், மறுநாள் நண்பகலில் திரும்பிப் போவார். அவருக்காக ஒரு மேசை தயாராகும். அதில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. ஏணி ரொட்டி இறங்கி வரவும் ஏறிப் போகவும். குதிரை ரொட்டி சுமை தூக்க. கரும்பு ஊன்றுகோல். பூவிட்ட வெங்காயத் தண்டு உள்ளே குழலாக இருக்கும், வழிப்பயணத்தில் தண்ணீர் எடுத்துப்போக அதுதான் குப்பி. ஒரு பயணிக்குக் கட்டிக்கொடுக்கும் சோற்றுமூட்டை போலவே யோசித்திருக்கிறார்கள். சோற்றோடு வண்டியையும் சேர்த்துச் சுட்டுக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். தெருப் பிள்ளைகளும் ஊராரும் வீடு வீடாக வந்து இறந்தவருக்காகச் செபம் சொல்வார்கள், சொன்னவருக்கு மேசையிலிருந்து ரொட்டியும் பழமும் கிடைக்கும். பிள்ளைகள் பையோடுதான் வருவார்கள்.

பெருவின் மலையூர்களில் இதோடு இன்னொன்று நடக்கிறது. ரொட்டிக் குழந்தைக்கு ஞானஸ்நானம். கூட்டத்தில் வாய்த்துடுக்கான ஒருவர் குருவானவர் வேடம் போடுவார். ரொட்டிக்கு ஞானத்தந்தை, ஞானத்தாய் உண்டு, அவர்கள் அதைத் துணியில் பொதிந்து மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். போலிக் குருவானவர் புரியாத இலத்தீன்போல எதையோ முணுமுணுத்து, பூவால் தண்ணீர் தெளித்து, ஊர்க் கிண்டலெல்லாம் சேர்ந்த ஒரு பெயரை வைப்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெரியவர்கள் ஒழுங்காக அழ வேண்டிய நாட்களில், இறந்தவரின் மேசைக்குப் பக்கத்திலேயே, ஒரு பிறப்பைக் கொண்டாடிவிடுகிறார்கள்.

கடைசியில் ஞானப்பெற்றோர் கையாலேயே குழந்தை வெட்டப்படும், கூடியிருக்கும் எல்லாருக்கும் ஒரு துண்டு. தலை யாருக்கு, கால் யாருக்கு என்பதில் தனியாக ஒரு கேலி நடக்கும். ரொட்டி அன்றைக்கே தீர்ந்துபோய்விடும். ஆனால் அதைச் சுட்டுக் கொண்டுவந்தவரும் ஞானத்தந்தையாக நின்றவரும் அதன்பின் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கொம்பாத்ரே' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள், நிஜக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த இரு வீட்டார் அழைத்துக்கொள்வது போலவே. நடவுக்கு ஆள் வேண்டுமென்றால், கூரை மாற்ற வேண்டுமென்றால், முதலில் அந்த வீட்டுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள்.